வாரம் போய்ப் புள்ளி வந்தது

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் சனிபெல் என்றொரு தீவு இருக்கிறது. சிப்பி பொறுக்குவதற்கென்றே ஆட்கள் போகும் இடம். 1970-களின் நடுவில் அந்தத் தீவின் கடலோரத்தில் சில அடுக்குமாடிகள் எழும்பின. அவற்றின் வீடுகளை முழுசாக விற்காமல் வாரம் வாரமாகப் பிரித்து விற்றார்கள்; இதற்கு டைம்ஷேர் என்று பெயர். ஆண்டுக்கு 52 வாரம். பழுது பார்க்கவும் சுண்ணாம்பு அடிக்கவும் ஒன்றிரண்டை ஒதுக்கிவிட்டு, மற்ற ஒவ்வொரு வாரத்தையும் ஒரு குடும்பத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்ன கட்டடம், இன்ன எண் வீடு, ஆண்டின் இத்தனையாவது வாரம் என்று பத்திரத்தில் இருக்கும். நிலப் பத்திரம் போலவே அது பதிவாகும். பிப்ரவரியில் வரும் 7-ஆம் வாரத்தை வாங்கியவர் ஆண்டுதோறும் அந்த வாரத்தில் பெட்டியோடு போய் இறங்குவார். யாரையும் கேட்க வேண்டாம், தொலைபேசியில் யாரையும் கெஞ்ச வேண்டாம். தன் வீட்டுக்குப் போகிறவர் முன்பதிவு செய்வதில்லை அல்லவா?

அதே வாரத்தை அடுத்தடுத்த வீடுகளில் வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஏழு நாள் அண்டை வீட்டுக்காரர்கள் ஆனார்கள். பிள்ளைகள் ஒன்றாக வளர்ந்தார்கள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை காலண்டரில் 53-ஆவது வாரம் ஒன்று முளைக்கும். அது பெரும்பாலும் கட்டியவருக்கே போய்ச் சேரும். அந்தக் காலத்து டைம்ஷேரில் விற்ற பிறகும் கட்டியவர் கையில் மிஞ்சிய நாள் என்றால் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

இன்று அமெரிக்காவில் டைம்ஷேர் வாங்குகிற பெரும்பாலோருக்கு வாரம் கிடையாது, வீட்டு எண் கிடையாது. ஆண்டுக்கு இத்தனை புள்ளி என்று ஓர் எண் இருக்கிறது. அந்தப் புள்ளிகளைக் கொண்டு ஆர்லாண்டோவில் நான்கு இரவோ, ஹவாயில் மூன்று இரவோ, ஒரு மலைவாசத்தலத்தில் இரண்டு இரவோ எடுத்துக்கொள்ளலாம், அறை இருந்தால். சராசரி விற்பனை விலை 20,000 டாலருக்கு மேல். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் சராசரியாக 1,000 டாலரைத் தாண்டிவிட்டது. கட்டணம் தவறாமல் வருகிறது. அறைதான் சில சமயம் வருவதில்லை.

பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அது பிறந்ததே நெருக்கடியில்தான். ஐரோப்பாவில் 1960-களில் தொடங்கிய இந்த யோசனை அமெரிக்காவுக்கு வந்து நிலைத்த காலத்தில் ஃபுளோரிடா முழுக்க அடுக்குமாடிகள் விலைபோகாமல் கிடந்தன. எண்ணெய் நெருக்கடி, வட்டி உயர்வு, வாங்க ஆளில்லை. ஒரு வீட்டை ஒருவருக்கு விற்க முடியாதவர்கள் அதையே ஐம்பது பேருக்கு விற்றார்கள். கூட்டிப் பார்த்தால் வீட்டின் விலையைவிட மிக அதிகமாகவே வந்தது. விற்ற விதமும் அழகானதல்ல. உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, படகு விழுந்திருக்கிறது என்று தபாலில் அட்டை வரும்; போய்ப் பார்த்தால் காற்றடைத்த ரப்பர் படகு. மணிக்கணக்கில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் 1981-இல் ஃபுளோரிடா டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் போட்டது. இன்று அங்கே வாங்கியவர் 10 நாளுக்குள் மனம் மாறினால் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

ஆனால் அந்தப் பழைய பரிசுகளில் ஒரு சங்கதி உண்டு. ரொட்டி வாட்டும் கருவி, சிறிய தொலைக்காட்சி, பெட்டி, டிஸ்னி உலகத்துக்கு இரண்டு நுழைவுச்சீட்டு என எதைக் கொடுத்தாலும் அது கடையில் வாங்கிக் கொடுத்தது. செலவு விற்பவருடையது. புதிதாக ஒருவரை வரவழைக்க அவர் எத்தனை பரிசு கொடுத்தாலும், 7-ஆம் வாரத்துக்காரரின் 7-ஆம் வாரத்தை அது தொடாது. இன்றைய பரிசு கடையிலிருந்து வருவதில்லை. இரவுகளாக வருகிறது, காலண்டரிலிருந்து வருகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. நிலையான வாரத்தில் ஒரு குறை: பையனின் பள்ளி விடுமுறை மாறினாலும் வாரம் மாறாது. 1974-இல் இண்டியானா மாநிலத்தில் டிஹான் தம்பதி தொடங்கிய ஆர்.சி.ஐ., இரண்டு ஆண்டு கழித்து வந்த இன்டர்வல் இன்டர்நேஷனல் ஆகிய பரிமாற்ற நிறுவனங்கள் அதற்கு வழி செய்தன. உங்கள் வாரத்தை அவர்களிடம் போட்டுவிட்டு வேறொருவர் போட்டதை எடுத்துக்கொள்ளலாம். கனமான அட்டவணைப் புத்தகம் தபாலில் வரும். அதைப் புரட்டி மூன்று நான்கு ஊர்களைக் குறித்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் காத்திருப்பார்கள். அப்போதும் கேட்டது கிடைக்காமல் போனதுண்டு. ஆனால் போட்டால்தான் போகும். போடாதவரின் வாரம் போடாதவரிடமே இருந்தது.

1991-இல் டிஸ்னி இந்தத் தொழிலுக்குள் வந்தபோது வாரத்தை விட்டுவிட்டுப் புள்ளியை எடுத்துக்கொண்டது. ஆர்லாண்டோ அருகே கட்டிய முதல் ரிசார்ட்டிலிருந்தே அதே முறைதான். மற்ற பெரிய நிறுவனங்களும் முன்னும் பின்னுமாக அதே வழிக்கு வந்தன; 1984-இலிருந்து வாரங்களை விற்றுவந்த மாரியட் 2010-இல் புள்ளிக்கு மாறியது. வாங்குபவருக்கு இது பெரிய வசதி, மறுக்க முடியாது. ஏழு நாள் கட்டாயமில்லை. இந்த ஆண்டுப் புள்ளியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கலாம், அடுத்த ஆண்டுப் புள்ளியைக் கடன் வாங்கலாம். முடியாதவர் பெரிய வீட்டை எடுக்காமல் ஒற்றை அறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூடவே ஒன்று நடந்தது. செப்டம்பர் வாரத்தை வாங்கியவர் முன்பெல்லாம் செப்டம்பரோடு கட்டுண்டிருந்தார். மழையோ புயலோ, அது அவர் பாடு. புள்ளிக்கு மாதம் இல்லை. எல்லாப் புள்ளியும் கிறிஸ்துமஸை நோக்கி ஓடலாம், வசந்த விடுமுறையை நோக்கி ஓடலாம். விலைப்பட்டியலில் அந்த நாட்களுக்குப் புள்ளி அதிகம்தான். இருந்தாலும் கூட்டம் குறையவில்லை. ஆக, யார் எத்தனை மாதத்துக்கு முன்னால் கை நீட்டலாம் என்பதே சொத்தாகிவிட்டது. டிஸ்னியில் தான் வாங்கிய ரிசார்ட்டுக்கு 11 மாதத்துக்கு முன், மற்ற ரிசார்ட்டுகளுக்கு 7 மாதத்துக்கு முன் என்று விதி. காலை எட்டு மணிக்குக் கணினி திறக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் அனிமல் கிங்டம் லாட்ஜின் மலிவு ஸ்டூடியோ வேண்டும் என்பவர் அந்த நாளுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு வாரம் முன்னதாகவே வேறு தேதிக்கு அறை பிடித்து, தினமும் காலையில் எழுந்து அந்தப் பதிவை ஒரு நாள் முன்னே நகர்த்துகிறார். முதல் இரவை விட்டுவிட்டுக் கடைசியில் ஓர் இரவைச் சேர்க்கிறார். இதை ‘நடத்திக்கொண்டு போவது’ என்கிறார்கள். அவர் விரும்பிய தேதிக்கு வரிசை திறக்கும் காலையில் முறைப்படி வந்து நிற்பவருக்கு அறை தீர்ந்திருக்கும். சனிபெல்லில் 7-ஆம் வாரத்துக்காரர் இதைக் கேட்டால் நம்பியிருக்க மாட்டார்.

முந்திக்கொள்ளும் உரிமை சொத்தானதும் விற்பவர்கள் அதையே விற்கத் தொடங்கினார்கள். மாரியட்டில் வாரங்கள் இருந்த நாளிலேயே இதன் முளை தெரிந்தது. ஒரே வாரம் வைத்திருப்பவர் 12 மாதத்துக்கு முன் பதியலாம். இரண்டு வாரம் வைத்திருந்து அவற்றைச் சேர்த்தோ அடுத்தடுத்தோ எடுப்பவர் 13 மாதத்துக்கு முன்பே பதியலாம். அந்த முன்வரிசைக்குப் பாதி அறைகளுக்கு மேல் திறக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். புள்ளி வந்த பிறகு அது படிநிலைகளானது. நிறையப் புள்ளி வாங்கினால் மேல்படி, மேல்படிக்கு 13 மாதம். கீழ்ப்படிக்கு அதற்குப் பிறகு. விண்டம் என்ற இன்னொரு பெரிய நிறுவனத்தின் கிளப்பில் தங்கப் படியில் இருப்பவர் கடைசி 60 நாளில் பதிந்தால் 35 விழுக்காடு தள்ளுபடி, பிளாட்டினம் படிக்குப் பாதிப் புள்ளி என்று சலுகை வைத்தார்கள். படி ஏறியவர்களில் சிலர் விடுமுறைக்கு ஏறவில்லை, வியாபாரத்துக்கு ஏறினார்கள். பல மாதத்துக்கு முன்பே முழுப் புள்ளியில் நல்ல அறைகளைப் பிடித்து வைப்பது, 60 நாளுக்குள் வந்ததும் ரத்து செய்வது, அந்த நொடியே பாதிப் புள்ளிக்குத் திரும்பப் பிடிப்பது, பிறகு வெளியாருக்கு வாடகைக்கு விடுவது. விற்பனைக்காகக் கொடுத்த சலுகை இப்படித் திரும்பியது. ஒருமுறை புள்ளி வாங்கி, மேற்கொண்டு எதுவும் வாங்காமல் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டிவந்தவர் இந்த வரிசையில் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போனார்.

இதற்கு மேல் இருக்கிறது பார்வையாளர் அறை. சாலையோரக் கடையிலோ, ஹோட்டல் வரவேற்பறையிலோ, தொலைபேசியிலோ ஆள் பிடிக்கிறார்கள். சில நூறு டாலர் கட்டினால் மூன்று இரவு, நான்கு பகல். அதற்கு ஈடாக ஒன்றரை மணி நேரம் விளக்கம் கேட்க வேண்டும். ரொட்டி வாட்டும் கருவி இருந்த இடத்தில் இப்போது இந்த மூன்று இரவு. பெரிய நிறுவனங்களின் கணக்கைப் பார்த்தால் டைம்ஷேர் விற்பனையில் வரும் ஒவ்வொரு டாலரிலும் பாதிக்கு அருகே விற்பதற்கே செலவாகிறது. விளக்கம் கேட்க வரும் குடும்பம் ஒவ்வொன்றாலும் சராசரியாக 3,000 டாலருக்கு மேல் விற்பனையாகிறது; பலர் வாங்காமல் எழுந்து போவதையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. இந்தக் கணக்குத் தெரிந்த மேலாளர் ஓர் அறையை எப்படிப் பார்ப்பார்? உரிமையாளர் தங்கினால் பராமரிப்புக் கட்டணம் ஏற்கெனவே வந்துவிட்டது, புதிதாக ஒன்றுமில்லை. வெளியாருக்கு விட்டால் வாடகை. பார்வையாளருக்குக் கொடுத்தால் மூவாயிரம். கல்யாண வீட்டில் வந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் கடைசியில் சாப்பிடுவது வழக்கம்தான். ஆனால் அங்கே சமையல் செலவை வீட்டுக்காரர் மனசார ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த அறைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் நிறுவனங்களிடம் பதில் இருக்கிறது, பொய்யான பதிலும் அல்ல. இன்னும் விற்காத பங்கு அவர்களுடையது. தவணை கட்டாதவரிடமிருந்து திரும்பி வந்தது அவர்களுடையது. தன் வாரத்தை ஹோட்டல் புள்ளிகளாக மாற்றிக்கொண்ட உரிமையாளரின் வாரமும் அவர்கள் கைக்கு வருகிறது. கடைசி வரை யாரும் பதியாத நாட்களும் உண்டு. ஃபுளோரிடா சட்டமும் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: எல்லா உரிமையாளர்களுக்கும் ஆண்டில் சேர வேண்டிய இரவுகளின் மொத்தம், இருக்கும் இரவுகளின் மொத்தத்தைத் தாண்டக் கூடாது. விமானத்தில் இருக்கைக்கு மேல் விற்பது போல இங்கே விற்க முடியாது.

மொத்தம் சரிதான். ஆனால் யாரும் மொத்தத்தில் விடுமுறை எடுப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் காலியாகக் கிடக்கும் இரவும் கிறிஸ்துமஸ் இரவும் சட்டத்தின் கூட்டலில் ஒன்று. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, நிர்வாகம் எதிர்காலப் பதிவுகளை முன்கணித்து, அந்தக் கணிப்பின்படி அறைகளை ஒதுக்கவும் வாடகைக்கு விடவும் இடம் கொடுக்கிறது. எல்லா உரிமையாளர்களின் நலனையும் கருதி என்ற நிபந்தனையோடு. எந்த இரவை முன்கூட்டியே எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பது கணினிக்குள் இருக்கிறது. பழைய ரிசார்ட்டின் அலுவலகத்தில் 52 கட்டம் போட்ட ஒரு தாள் சுவரில் தொங்கினால் போதும், யாருடைய வாரம் எது என்று எல்லாருக்கும் தெரியும். இன்று தன் திரையில் ‘அறை இல்லை’ என்று பார்க்கும் உரிமையாளர், அதே ரிசார்ட்டில் அதே தேதிக்கு ஹோட்டல் பதிவுத் தளத்தில் வாடகைக்கு அறை இருப்பதைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? விளக்கம் இருக்கலாம், அது வேறு கணக்கிலிருந்து வந்த அறையாகவே இருக்கலாம். அவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

கோபத்தோடு அவர் ரிசார்ட்டுக்குப் போனால் அங்கே ஒருவர் காத்திருப்பார். உரிமையாளர்களுக்கான தகவல் கூட்டம் என்று அழைப்பார்கள். காலை உணவோ பரிசு அட்டையோ உண்டு. அறை கிடைக்கவில்லை என்று சொன்னால் அனுதாபத்தோடு கேட்டுக்கொள்வார்கள். பிறகு அதற்கு ஒரு வழி இருக்கிறது என்பார்கள்: இன்னும் கொஞ்சம் புள்ளி வாங்கினால் அடுத்த படி, அடுத்த படிக்குப் போனால் இத்தனை மாதம் முன்னதாகப் பதியலாம். பெரிய நிறுவனங்களின் டைம்ஷேர் விற்பனையில் பாதிக்கு மேல் இப்படி ஏற்கெனவே வாங்கியவர்களிடமே நடக்கிறது. விற்பனையாளர் பெரும்பாலும் கமிஷனில் வாழ்பவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய விற்பனையாளர் 7-ஆம் வாரத்தை ஒருமுறை விற்றபின் அந்தக் குடும்பத்திடம் விற்க வேறு சரக்கு அவரிடம் இல்லை. இன்றைய முறையில் பற்றாக்குறையே சரக்கு. சலுகையால் கூடிய நெருக்கடியைக் காட்டி அடுத்த சலுகை விற்கப்படுகிறது.

பழைய உரிமையாளரை உள்ளே வைத்துப் புதியவருக்குக் கதவைத் திறப்பது ஒரு வகை. பழைய பங்கை இரண்டாம் கையாக வாங்கியவருக்குக் கதவைச் சாத்துவது இன்னொரு வகை. 2019 ஜனவரிக்குப் பிறகு டிஸ்னியின் பழைய ரிசார்ட்டுகளில் மறுவிற்பனையாக வாங்கியவர்கள் அந்தப் பழைய பதினான்கு ரிசார்ட்டுகளுக்குள் மட்டுமே சுற்றலாம். புதிதாகத் திறந்த ரிவியேராவில் அவர்கள் புள்ளி செல்லாது. நேரடியாக எங்களிடமே வாங்குங்கள் என்பதற்கான ஊக்கம் இது. விளைவு, அந்தப் புள்ளிகளெல்லாம் பழைய பதினான்கின் வாசலிலேயே நிற்கின்றன. அங்கே ஏற்கெனவே வரிசை நீளம்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் டைம்ஷேரைப் பரவலாக்கிய ஸ்டெர்லிங் 1986-இல் சென்னையில்தான் தொடங்கியது. பத்து ஆண்டு கழித்து மஹிந்திரா வந்தது. அமெரிக்காவில் பத்திரமும் வார எண்ணும் இருந்த இடத்தில் இங்கே பருவங்களும் 99 ஆண்டு, 25 ஆண்டு உறுப்பினர் உரிமையும் வந்தன. மே மாதத்துக் கொடைக்கானலையும் ஊட்டியையும் எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள் என்பது பள்ளிக்கூடக் காலண்டரைப் பார்த்தாலே தெரியும். பேரங்காடி வாசலில் சீட்டு எழுதிப் போடச் சொல்லி, பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி சேர்ந்து வாருங்கள் என்று அழைத்து, இலவச இரவுகளைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கமும் நமக்குப் பழகியதே. ஃபுளோரிடாவில் உள்ளது போலத் தனிச் சட்டம் இங்கே இல்லை; குறை உள்ளவர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

பழையதில் இழந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. நிலையான வாரத்தை வாங்கியவர்களில் மழைக்கால வாரத்தைத் தலையில் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட பத்திரங்கள் இன்று இணைய ஏலத்தில் ஒரு டாலருக்குக் கிடக்கின்றன. பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று கொடுக்கிறார்கள். சிறிய ரிசார்ட்டில் கட்டியவர் நொடித்துப்போனால் கேட்க நாதியில்லை. இன்றைய உரிமையாளருக்குப் பல ஊர் இருக்கிறது, பெரிய பெயர் இருக்கிறது. ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸ் 2021-இல் டயமண்ட், 2024-இல் புளூகிரீன் ஆகிய டைம்ஷேர் நிறுவனங்களை வாங்கியபோது ரிசார்ட்டுகளின் பட்டியல் நீண்டது. பட்டியலோடு உறுப்பினர்களும் சேர்ந்தே வந்தார்கள் என்பதும் உண்மை. எல்லாரும் கேட்பது என்னவோ அதே பத்துப் பதினைந்து இடங்களை.

2022 செப்டம்பரில் இயான் புயல் சனிபெல்லை அடித்துப் போட்டது. கரையையும் தீவையும் இணைத்த பாலச்சாலை பல இடத்தில் அறுந்தது. பழைய டைம்ஷேர் கட்டடங்கள் சிலவற்றில் உரிமையாளர்கள் கூடி வாக்கெடுத்து, திரும்பக் கட்ட வேண்டாம், நிலத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பெரும்பாலோருக்கு வயதாகிவிட்டிருந்தது.

நிலையான வாரம் என்ற சரக்கு மட்டும் ஒழிந்துவிடவில்லை. டிஸ்னி தன் புதிய ரிசார்ட்டுகள் சிலவற்றில் அதை விற்கிறது. ஆண்டுதோறும் இன்ன வாரம், இன்ன வகை அறை நிச்சயம்; காலை எட்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். வழக்கமாக அந்த வாரத்துக்கு ஆகும் புள்ளிகளைவிடக் கூடுதலாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி விற்ற அறைகள் 11 மாத வரிசை திறக்கும்போது அதில் இருப்பதில்லை.